கரிசல் மண், உப்புத் தண்ணீர், நாள் முழுக்க வெயில்: என்ன பூச்செடி வைக்கலாம்?

கயத்தாறு_காற்று

வணக்கம் நண்பர்களே. கயத்தாறுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். வீட்டுக்குத் தெற்கிலும் மேற்கிலும் சேர்த்து ஏழு சென்ட் போல வெற்றிடம் கிடக்கிறது. சுத்தக் கரிசல். நிழல் என்று சொல்ல ஒரே ஒரு வேப்பங்கன்று, அதுவும் இடுப்பளவுதான் நிற்கிறது. காலையில் ஏறும் வெயில் பொழுது சாயும்வரை இறங்குவதில்லை. ஆனி பிறந்துவிட்டால் காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், எங்களுக்குத் திண்டாட்டம். கொடியில் போட்ட துணி பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

தண்ணீர் போர்வெல். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் 2300 காட்டுகிறது. பஞ்சாயத்துக் குழாயில் வருகிற நல்ல தண்ணீர் குடிக்கத்தான் காணும்.

மனைவிக்குச் சாமிக்கும் தலைக்கும் பூ வேண்டும். எனக்கு வாசலில் கொஞ்சம் நிறம் தெரிந்தால் போதும். நர்சரியில் கேட்டு ரோஜா, இட்லிப்பூ, செம்பருத்தி எல்லாம் வாங்கி வைத்தோம். இட்லிப்பூ இலை மஞ்சளாகிக்கொண்டே போகிறது. ரோஜா இலை ஓரம் கருகுகிறது. வெயில்தான் காரணம் என்று பச்சை வலை கட்டிப் பார்த்தோம், பிரயோஜனமில்லை. இந்த வெயிலைத் தாங்கிப் பூக்கிற செடிகள் என்னென்ன என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேரிமண்

சார், கரிசலில் பூச்செடி வைத்து மல்லுக்கட்டாதீர்கள். ரெண்டு லோடு செம்மண் அடியுங்கள். செடிக்கு ரெண்டடிக்கு ரெண்டடி குழி எடுத்து, கரிசலை வெளியே தள்ளிவிட்டு, செம்மண்ணும் மக்கிய சாணமும் மணலும் கலந்து நிரப்புங்கள். எங்கள் சாத்தான்குளம் பக்கம் எதை ஊன்றினாலும் வருவதற்கு மண்தான் காரணம். மண் சரியானால் ரோஜாகூட வரும்.

தோஹா_தமிழன்

இங்கே கத்தாரில் ஐம்பதைத் தொடுகிற வெயிலில் ரோடு ஓரமெல்லாம் காகிதப்பூவும் பெட்டூனியாவும் பூத்துக் கிடக்கின்றன. சொட்டுநீர் போட்டுவிட்டால் எல்லாம் வரும். வெயிலைக் கண்டு பயப்பட வேண்டாம் அண்ணே.

விளாத்திகுளம்_அக்கா

தோஹா தம்பி, நீங்கள் சொல்வது மணல். ஊற்றுகிற தண்ணீர் வடிந்து போய்விடும். பெட்டூனியாவும் அங்கே குளிர்காலத்துப் பூதானே, ஆகஸ்டில் ஒன்றும் நிற்காது. இவர் வைத்திருப்பது கரிசல். கோடையில் பாறை, ஐப்பசியில் சேறு. அங்கே செல்லுபடியாவது இங்கே செல்லாது.

கயத்தாறு தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் செடிகளுக்கு வெயிலால் ஒரு கெடுதலும் வரவில்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வலை கட்டியும் மாறவில்லை என்று. இட்லிப்பூவில் எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். நுனியில் இருக்கும் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலை போலத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறை. அடி இலை மஞ்சளானால் அது வேறு, தழைச்சத்து இல்லை என்று அர்த்தம். நம் கரிசலைக் கொத்தினால் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கட்டி வருமே, சுக்கான், அது முழுக்கச் சுண்ணாம்பு. இந்த மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பும் காரமும் சேர்ந்து அதை வேர் எடுக்கமுடியாதபடி பூட்டி வைத்திருக்கிறது. இட்லிப்பூ புளிப்பான மண்ணில் வளர்கிற சாதி. அதைக் கொண்டுவந்து சுக்கானில் வைத்தால் மஞ்சளாகத்தான் செய்யும்.

ரோஜாவில் ஓரம் கருகுவது உப்பு. உப்புக்கு ரொம்பவும் பயப்படுகிற பூச்செடிகளில் ரோஜாவும் ஒன்று. 2300 தண்ணீரில் அதைக் காப்பாற்ற நினைப்பது வீண் செலவு.

அதனால் “வெயிலைத் தாங்கும் செடி எது” என்று தேடாதீர்கள். வெயிலைத் தாங்குகிற செடி நூறு கிடைக்கும். உப்புத் தண்ணீரையும் சுக்கானையும் ஐப்பசிச் சேற்றையும் சேர்த்துத் தாங்குகிற செடி கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலிருந்து எடுங்கள்.

கயத்தாறு_காற்று

அக்கா, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். நுனி இலைதான் மஞ்சள், நரம்பு பச்சை. நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. இருக்கிற இட்லிப்பூவைக் காப்பாற்ற வழி உண்டா? தேரிமண் அண்ணன் சொன்ன மாதிரி மண்ணை மாற்றினால் சரியாகுமா?

விளாத்திகுளம்_அக்கா

அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட், கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளியுங்கள். குடிக்கிற தண்ணீரில் கலக்க வேண்டும், போர் தண்ணீரில் கலக்கக் கூடாது. வாரம் பத்து நாள் விட்டு மறுபடி. மண்ணில் போட்டால் பலன் இல்லை, போட்ட கையோடு சுண்ணாம்பு அதையும் பூட்டிவிடும். மண்ணில்தான் போடுவேன் என்றால் ஈடிடிஹெச்ஏ என்ற வகை இரும்பு வாங்க வேண்டும், காரமண்ணில் தாக்குப்பிடிப்பது அதுதான், விலை கூட. பச்சை திரும்பும். ஆனால் வருஷம் முழுக்க இந்த வைத்தியம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது.

நர்சரிக்காரன்

இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன், எங்கள் ஆட்கள் பக்கத்து உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நர்சரியில் அன்றைக்கு எது பூத்து நிற்கிறதோ அதுதான் விற்கும். அந்தச் செடி நிழல்வலைக்கு அடியில், செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் கலந்த பையில், நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்தது. அதை நேரே கரிசலில், உப்புத் தண்ணீரில், சித்திரை வெயிலில் வைத்தால் மூன்று அடி ஒரே நேரத்தில் விழுகிறது.

மண் மாற்றுகிற விஷயத்தில் தேரிமண் அண்ணனோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர் ஊர்த் தேரி செம்மணல், அங்கே அது சரி. கரிசலில் ரெண்டடிக் குழி எடுத்துச் செம்மண் நிரப்பினால், சுற்றிலும் இருக்கிற களி மழைக்காலத்தில் ஊறி உப்பி இறுகிவிடும். குழிக்குள் போன தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. சிமெண்டுத் தொட்டிக்கு அடியில் ஓட்டை போடாமல் செடி வைத்தது மாதிரிதான். மேலே பார்த்தால் மண் காய்ந்திருக்கும், ஒரு கம்பியை உள்ளே விட்டு எடுத்தால் அடியில் நாற்றம் அடிக்கும்.

தேரிமண்

நான் குழி எடுத்து வைத்த இடங்களில் நன்றாகத்தான் வந்திருக்கிறது. அடியில் ஒரு அடி உடைகல் போட்டால் வடிந்துவிடும்.

நர்சரிக்காரன்

உடைகல் போட்டால் அந்தக் கல்லுக்குள் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். கல்லுக்குக் கீழேயும் அதே களிதானே? சரிவான இடமாக இருந்து குழியிலிருந்து ஒரு வடிகால் வெட்டி விட்டால் நீங்கள் சொல்வது நடக்கும். சமதரையில் நடக்காது.

செம்மண் அடிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. குழிக்குள் போடாதீர்கள், மேலே போடுங்கள். கரிசலைக் கொத்திவிட்டு, அதன்மேல் ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். கரிசல், செம்மண், மக்கிய எரு மூன்றையும் கலந்தே கட்டலாம். மழையில் தண்ணீர் தானாக இறங்கிப் போகும். உப்பும் அதோடு கழுவப்படும்.

பட்டாம்பூச்சி_பித்தன்

எல்லோரும் மண்ணோடு சண்டை போடுகிறீர்கள். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்கிற பூக்களை யாரும் சொல்லவில்லையே. கயத்தாறிலிருந்து எந்தக் கிளைச்சாலையில் போனாலும் ரெண்டு பக்கமும் ஆவாரை மஞ்சளாக நிற்கும். யார் உரம் போட்டார்கள், யார் தண்ணீர் ஊற்றினார்கள்? “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்று சொல்லிச் சொல்லியே பொடியாக்கிக் குடிக்கிறோம், வீட்டு வாசலில் வைக்க மட்டும் யோசிக்கிறோம். கத்தரித்துவிட்டால் இடுப்பளவில் அழகான வேலி. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூவைத் தேடி அலையவும் வேண்டாம்.

நாற்றாகப் பிடுங்கி வைத்தால் பிழைக்காது. ஆணிவேர் நேரே கீழே போகிற செடி, அது அறுந்தால் முடிந்தது. காய்ந்த நெற்றை உடைத்து விதை எடுங்கள். தோல் கெட்டி. கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் போட்டு, அப்படியே ஆறவிட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, உப்பியதை மட்டும் எடுத்துப் புரட்டாசிக் கடைசியில் இருக்கவேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடுங்கள். மயில்கொன்றைக்கும் இதே வைத்தியம்தான். சிவப்பும் மஞ்சளும் கலந்து பூக்கும், முழு மஞ்சளும் உண்டு.

ஒரு எச்சரிக்கை: ஆவாரையில் பச்சைப் புழு வரும். மருந்து அடித்துவிடாதீர்கள். வெளிர்மஞ்சளும் வெளிர்பச்சையுமாகக் கூட்டம் கூட்டமாகப் பறக்கிற பட்டாம்பூச்சிகளின் பிள்ளைகள் அவை. மொட்டையடித்தாலும் செடி மறுபடி துளிர்த்துவிடும்.

மதுரை_மாடி

ஆவாரை, எருக்கு என்று வைத்தால் வீடு மாதிரியா இருக்கும், சாலையோரம் மாதிரி இருக்காதா? :) கோபப்படாதீர்கள் பித்தன்.

நிறம் வேண்டும் என்கிறவருக்குக் காகிதப்பூவை யாரும் விவரமாகச் சொல்லவில்லை. உப்பு ஓரளவு தாங்கும், சுண்ணாம்பு தாங்கும், காற்று தாங்கும். மஹாரா என்று அடுக்கு வகை விற்பார்கள், பார்க்க அடர்த்தி. ஆனால் வாடிய பூ உதிராமல் செடியிலேயே பழுப்பாகத் தொங்கும், எனக்குப் பிடிக்காது. ஒற்றை அடுக்கு வகைகள் தானாக உதிர்த்துவிடும். மேரி பால்மர் என்று ஒன்று, ஒரே செடியில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் வரும்.

கயத்தாறு_காற்று

காகிதப்பூ எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கூரை உயரத்துக்கு இலைதான், பூவைக் காணோம். ஏன்?

நர்சரிக்காரன்

தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான் காரணம். எங்களிடம் வருகிற புகார்களில் பாதி இதுதான், “நீ கொடுத்தது பூக்காத செடி” என்பார்கள். காகிதப்பூ கொஞ்சம் காய்ந்தால்தான் பூக்கும். இலை லேசாகத் துவளும்வரை விட்டு, பிறகு ஒரு முறை நன்றாக ஊற்றி, மறுபடி காயவிட வேண்டும். சாணம் யூரியா என்று தழைச்சத்தைக் கொட்டினாலும் இலைதான் வரும். புதுக் கிளையில் பூக்கிற செடி, ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் நுனிகளை வெட்டிவிடுங்கள்.

நடும்போது பையைக் கிழித்து மண்கட்டி உடையாமல் இறக்க வேண்டும். முரட்டுச் செடி என்று பெயர், வேர் மட்டும் ரொம்ப மெல்லிசு. கட்டி உடைந்தால் தளிர் தொங்கிவிடும். பையின் அடியை பிளேடால் வட்டமாக வெட்டி, மேட்டில் வைத்துவிட்டு, பக்கவாட்டுப் பையை மெதுவாக உருவுங்கள்.

விளாத்திகுளம்_அக்கா

வேலிக்கு நான் அரளியைத்தான் சொல்வேன். நான்குவழிச்சாலையில் மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் நடுத்திட்டைப் பாருங்கள். அரளியும் காகிதப்பூவும்தான். லாரித் தண்ணீர் எப்போதாவது ஊற்றுவார்கள், ரெண்டு பக்கமும் தாரின் அனல், வண்டிப் புகை. அதில் நிற்கிற செடி உங்கள் தோட்டத்தில் நிற்காதா? செலவில்லாமல் பார்க்கிற மாதிரித் தோட்டம் அது.

அரளியில் ஒரு வேடிக்கை உண்டு. ஆவணி புரட்டாசியில் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளிப் பாத்திரத்தைத் துலக்கி வைத்தது போல் பளபளப்பாக ஒரு கூடு தொங்கும், விரல் நுனி அளவு. கறுப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த பட்டாம்பூச்சியின் கூடு. கிட்டே போனால் நம் முகமே அதில் கோணலாகத் தெரியும். பித்தன் தம்பி இதைச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

தளிரில் மஞ்சளாக அசுவினி மொய்க்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போய்விடும். போகாவிட்டால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல்.

குட்டிப்பையன்_அம்மா

எல்லோரும் அரளி அரளி என்கிறீர்கள். அது விஷம் என்று ஒருவர்கூட எழுதவில்லையே? கயத்தாறு அண்ணன் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

தேரிமண்

அரளி காலங்காலமாகக் கோயில் நந்தவனத்தில் இருக்கிறது. மாலைக்காக ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறார்கள். தினமும் பறிக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரொம்பப் பயமுறுத்த வேண்டாம் அம்மா.

விளாத்திகுளம்_அக்கா

இல்லை தேரிமண், அந்தப் பிள்ளை கேட்டது நியாயம். நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய விஷயம் இது. பூ, இலை, தண்டு, வேர், பால் எல்லாமே விஷம், இதயத்தைத் தாக்கும். பூப்பறிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டுத்தான் சோறு தின்பார்கள். வெட்டிய குச்சியை அடுப்பில் வைக்கக் கூடாது, அந்தப் புகையும் ஆகாது. அதைவிடப் பொல்லாதது பொன்னரளி, மஞ்சளாகக் குழல்போலப் பூக்குமே அது. அதன் காய் பச்சையாகக் குண்டாக, குழந்தை எடுத்து விளையாடுகிற மாதிரி இருக்கும். தவழுகிற, எதையும் வாயில் வைக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் ரெண்டும் வேண்டாம். தவறி யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

அரளிக்குப் பதில் வேலிக்கு ஆவாரை, மயில்கொன்றை வைக்கலாம். நித்தியகல்யாணியும் தின்னக் கூடாத செடிதான், அடீனியத்தின் பாலும் விஷம். இந்த வறட்சிச் செடிகளில் நிறைய இப்படித்தான், ஆடுமாட்டிடமிருந்து தப்பிக்க அவற்றுக்கும் ஏதாவது வேண்டுமே.

கயத்தாறு_காற்று

சின்னப் பிள்ளைகள் இல்லை, மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஆனால் ஆடுகள் உண்டு. எங்களுடையது இல்லை, ஊர் ஆடுகள். கதவு திறந்திருந்தால் கூட்டமாக உள்ளே வந்துவிடுகின்றன. அப்புறம் நித்தியகல்யாணி பற்றி: அம்மா அதைச் சுடுகாட்டுப் பூ என்று வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார்.

பட்டாம்பூச்சி_பித்தன்

ஆடு இருந்தால் செடித் தேர்வே மாறிவிடும். அரளி, எருக்கு, ஆவாரை, நித்தியகல்யாணி பக்கம் அவை பெரும்பாலும் போவதில்லை. காகிதப்பூத் தளிரை விரும்பித் தின்னும், முள்ளைப் பொருட்படுத்தாது. செம்பருத்தி என்றால் குச்சிதான் மிஞ்சும். சங்குப்பூ தீவனப் பயிர், அதைச் சொல்லவே வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது, ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிறிஸ்டின் மருந்தை அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரியில் பயிர் செய்து வேரும் இலையும் விற்கிறார்கள். இடுகாட்டில் அது நிற்பதற்குக் காரணம் அங்கே தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாதது, ஆடும் தொடாதது. உங்களுக்கு வேண்டிய குணமும் அதுதானே?

மதுரை_மாடி

அம்மாக்களிடம் மடகாஸ்கர் செல்லாது பித்தன். வெள்ளையை மட்டும் வாங்கி, “மாமருந்துச் செடி” என்று சொல்லிப் பின்பக்கம் வையுங்கள், ஒரு வருஷத்தில் தானாக முன்வாசலுக்கு முளைத்து வந்துவிடும்.

கயத்தாறு_காற்று

சிரித்துவிட்டேன். சரி, இன்னொரு முக்கியமான கேள்வி. மனைவி ஒரே வார்த்தையில் கேட்கிறாள்: “மல்லிகை உண்டா, இல்லையா?”

விளாத்திகுளம்_அக்கா

உண்டு, தரையில் மட்டும் இல்லை. குண்டுமல்லிக்கு வெயில் எவ்வளவு அடித்தாலும் நல்லது, வெயில் குறைந்தால்தான் மொட்டு குறையும். அது கேட்பது வடிகிற மண்ணும் உப்பில்லாத தண்ணீரும். ராமேசுவரத் தீவில் தங்கச்சிமடத்து மணலில் பதியம் போட்டுத்தான் ஊர் ஊருக்கு மல்லி நாற்று போகிறது. அந்த மணல் எங்கே, நம் களி எங்கே.

ரெண்டு பெரிய சிமெண்டுத் தொட்டி வாங்குங்கள், அடியில் ஓட்டை பெரிதாக இருக்கட்டும். தேரிமண் சொன்ன செம்மண் கலவை இதற்குத்தான் சரி. கிழக்குப் பக்கம் சுவரோரம், காற்றுப் படாத இடத்தில் வையுங்கள். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் எல்லாம் குடிதண்ணீர்தானே, அதைத் தனியாக ஒரு வாளியில் பிடித்து அதற்கு மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். ரெண்டு தொட்டிக்கு அது காணும். உப்புப் போட்டுக் கழுவிய தண்ணீர் வேண்டாம், ஆர்ஓ மெஷினில் கழிகிற தண்ணீர் வேண்டவே வேண்டாம், மெஷினுக்குள் போகிற தண்ணீரைவிட அதில் உப்பு கூட. கார்த்திகைக் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டி இலையை உருவிவிட்டால் மாசி பங்குனியில் மொட்டு.

தலைக்கு வைக்கத் தரையிலேயே வருகிற பூ என்றால் டிசம்பர் பூ. ஊதா, வெள்ளை, கோடு போட்டது என்று இருக்கிறது. மணம் இல்லை, ஆனால் கரிசலில் ஒரு குறையும் சொல்லாது. சாமிக்கு நந்தியாவட்டை வையுங்கள், வருஷம் முழுக்கப் பூ. வாடாமல்லி விதையைத் தூவிவிட்டால் போதும்.

நர்சரிக்காரன்

அக்கா சொன்னதோடு மழைத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு நிறைய வீடுகளில் குழாய் இருக்கிறது, தண்ணீர் நேரே மண்ணுக்குள் போகிறது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் இறங்கும். வழியில் கொஞ்சம் போனாலும் ஒரு ஆயிரம் லிட்டர் டேங்க் முக்கால் பங்கு நிரம்பும். கறுப்பு டேங்காக வாங்கி மூடி வையுங்கள், பாசியும் கொசுவும் வராது. தொட்டிச் செடிகளுக்குக் கோடையில் அது அமிர்தம்.

போர் தண்ணீர் ஊற்றும் முறையும் முக்கியம். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் ஈரம் மேலாகவே காய்ந்து, உப்பு மட்டும் வெள்ளையாகப் படிந்து நிற்கும். நாள் விட்டு ஊற்றுங்கள், ஊற்றும்போது நிறைய ஊற்றுங்கள். உப்பு வேருக்குக் கீழே போய்விடும். இலையில் படக்கூடாது.

விளாத்திகுளம்_அக்கா

இதில் கரிசலுக்கு ஒரு சங்கதி இருக்கிறது. பங்குனியில் நிலம் வெடிக்குமே, கை உள்ளே போகிற அளவுக்கு. அந்த வெடிப்புக்குள் எட்டிப் பாருங்கள், ரெண்டு பக்கச் சுவரிலும் அறுந்த வேர்நுனி முடிமுடியாக நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றினால் மண்ணை நனைக்காமல் வெடிப்பு வழியே அடிக்கு ஓடிவிடும். அதனால் ஊற்றுவதற்கு முன்னால் களைக்கொத்தால் ரெண்டு விரல் ஆழம் கொத்தி வெடிப்பை மூடிவிட வேண்டும். பருத்திக்காட்டில் அப்பா காலத்தில் செய்ததுதான். கொத்திய புழுதியே மூடாக்கு.

அதற்குமேல் கடலைத்தோல் போடலாம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் இருக்கும்வரை கடலைத்தோலுக்குப் பஞ்சமில்லை. கரையான் வரும், தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

மதுரை_மாடி

பானைப் பாசனம் பற்றி யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? மண்பானையைப் புதைத்துத் தண்ணீர் நிரப்பிவிட்டால் கசிந்துகொண்டே இருக்குமே.

நர்சரிக்காரன்

செம்மண்ணில் அருமையான முறை. கரிசலில் மண் சுருங்கும்போது பானையை விட்டு விலகிவிடும், கசிகிற ஈரம் வேருக்கு எட்டாது. உப்புத் தண்ணீரில் பானையின் கண்களும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மேட்டுப்பாத்தியில் மழைத் தண்ணீர் ஊற்றிச் செய்தால் சரிவரும்.

தோஹா_தமிழன்

அடீனியத்தை யாரும் விளக்கவில்லையே? பாலைவன ரோஜா என்றே பெயர். இங்கே தரையிலேயே வைக்கிறார்கள்.

மதுரை_மாடி

அது என் செல்லம். ஆனால் கரிசல் தரையில் ஐப்பசி மழை ஒரு வாரம் அடித்தால் அந்தக் குண்டுத்தண்டு அழுகிவிடும், அமுக்கினால் மெத்தென்று போகும். தொட்டியில்தான், மணலும் செங்கல் பொடியும் கலந்து. மழைக்காலத்தில் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிட வேண்டும். தொட்டியின் ஓரத்தில் பத்துமணிப்பூக் குச்சியைக் கிள்ளி ஊன்றிவிடுங்கள், ரெண்டுக்கும் ஒரே குணம். பத்துமணிப்பூவுக்கு எவ்வளவு வெயிலோ அவ்வளவு பூ.

விளாத்திகுளம்_அக்கா

தம்பி, இப்போது வைகாசி. எதுவும் வாங்கி நடாதீர்கள். இனி ஆடிக்காற்று முடியும்வரை ஒரு செடியும் வேர் பிடிக்காது, இலையில் இருக்கும் ஈரத்தைக் காற்று உறிஞ்சிக்கொண்டு போய்விடும். இப்போது மேட்டுப்பாத்தி கட்டுங்கள், எருவைக் கொட்டி ஆறவிடுங்கள், டேங்க் வாங்கி வையுங்கள். மேற்கே காற்று வரும் பக்கம் அரளிக்கும் ஆவாரைக்கும் இடம் அளந்து குச்சி நடுங்கள். முதல் மழை இறங்கி மண் குளிர்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நடலாம். ஐப்பசியில் வைத்த செடி மழைத் தண்ணீரிலேயே வேர் விட்டுப் பங்குனிக்குள் தன் காலில் நின்றுவிடும். சித்திரையில் வைத்ததை ஆடிவரை நீங்கள்தான் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

கயத்தாறு_காற்று

மிக்க நன்றி அக்கா, நன்றி நர்சரிக்கார அண்ணே. ரோஜாவை மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், அவர்களுக்குத் தாமிரபரணித் தண்ணீர். மற்றதை மழைக்குப் பிறகு எழுதுகிறேன்.

கயத்தாறு_காற்று

இழையை மேலே கொண்டுவருகிறேன், மார்கழி ஆகிவிட்டது. மேட்டுப்பாத்தி யோசனை சொன்னவர்களுக்குக் கும்பிடு. இந்த மழைக்கு வீட்டைச் சுற்றிக் கணுக்காலளவு தண்ணீர் நின்றது, மேடுகள் மட்டும் தப்பின. மேற்கே அரளி, அதற்கு உள்வரிசையில் ஆவாரை விதை. ஆவாரை ஒரு விரல் நீளம்தான் முளைத்திருக்கிறது, அதற்குள் பிடுங்கிப் பார்த்தால் வேர் அதைவிட ரெண்டு மடங்கு. நந்தியாவட்டையும் டிசம்பர் பூவும் பூக்கின்றன. மல்லித் தொட்டியில் மனைவி என்னைக் கைவைக்க விடுவதில்லை. நித்தியகல்யாணி பின்பக்கம் ரகசியமாக இருக்கிறது. வேலிக்கு வெளியே தொங்கிய சங்குப்பூவை ஆடு முடித்துவிட்டது.

காகிதப்பூ ரெண்டு வைத்தேன். மழையில் தளதளவென்று வளர்ந்து கிடக்கிறது, பூ இல்லை. இப்போது வெட்டவா, விடவா?

நர்சரிக்காரன்

முதல் வருஷம் ஆழமாக வெட்ட வேண்டாம். நீளமாகத் தனியே ஓடுகிற கிளைகளின் நுனியை மட்டும் ஒரு சாண் கிள்ளிவிடுங்கள். தை பிறந்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள். மண்ணில் இருக்கிற ஈரமே ரொம்ப நாள் ஓடும், கரிசலின் நல்ல குணம் அது. துவண்டால் ஒரு முறை ஊற்றிவிட்டுப் பேசாமல் இருங்கள். யாராவது பாவம் பார்த்துத் தண்ணீர் ஊற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

விளாத்திகுளம்_அக்கா

அரளிக்கு மட்டும் இந்த முதல் கோடையில் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள், அடுத்த வருஷத்திலிருந்து அதுவும் கேட்காது. பாத்தியில் வெள்ளை படிகிறதா என்று மாசியில் பார்த்துச் சொல்லுங்கள். மயில்கொன்றை விதை என்னிடம் முழு மஞ்சள் இருக்கிறது, வேண்டுமென்றால் தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள், கவரில் போட்டு அனுப்புகிறேன்.

குட்டிப்பையன்_அம்மா

அக்கா, எனக்கும் கொஞ்சம் அனுப்புவீர்களா? எங்கள் வீடு அருப்புக்கோட்டை, அதே கரிசல், தண்ணீர் மட்டும் கொஞ்சம் தேவலை.

விளாத்திகுளம்_அக்கா

அனுப்புகிறேன் கண்ணு. அதன் விதையும் பிள்ளை வாயில் போகக் கூடாது, நெற்று முற்றியதும் பறித்துவிடு.